நீலச் சேட்டுப் படங்கள்

என் எதிர்வீட்டு இங்கிரிட்டின் யன்னலுக்குத் திரைச்சீலை கிடையாது. மாலையில் விளக்கைப் போட்டுவிட்டுக் குடும்பமாய் இருந்து உருளைக்கிழங்கு சாப்பிடுவதைத் தெருவே பார்க்கலாம். ஆனால் ஒருவரும் பார்ப்பதில்லை. நோர்வேயில் அதுதான் மரியாதை. நான் மட்டும் பார்ப்பேன். யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில், சுருவில் கிராமத்தில் பிறந்தவளுக்கு வெளிச்சம் தெரிகிற யன்னலைத் தாண்டிச் சும்மா போக ஏலாது.

அதே இங்கிரிட் ஒருநாள் கைபேசியோடு வந்து கதவைத் தட்டினாள். எல்லோருமாய்ச் சேர்ந்து தெருவைத் துப்புரவாக்கிய நாளில் எடுத்த படமாம். ஓரத்தில் என் முழங்கை விழுந்துவிட்டதாம். முகநூலில் போடச் சம்மதமா என்று கேட்டாள். "முழங்கை என்ன, முழு ஆளையும் போடு" என்றேன். பகிடிக்குத்தான். அவள் முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, என் கண்முன்னாலேயே படத்தை அழித்துவிட்டுப் போய்விட்டாள். நான் கோபித்துக்கொண்டேன் என்று அவளுக்கு எண்ணம்.

எங்கள் ஆட்கள் வேறு மாதிரி. யன்னலுக்குக் கனத்த திரைச்சீலை, அது போதாதென்று உள்ளே ஒரு வலைச்சீலை. வீட்டுக்குள் நடப்பதெல்லாம் முகநூலில். ஊரிலும் இதே கதைதான். சுருவிலில் எங்கள் வளவைச் சுற்றி முன்பு ஆளுயரக் கிடுகு வேலி இருந்தது, இப்போது மதில். அந்த மதிலுக்குள் இருக்கிற என் அக்கா, "இன்று குடும்பமாய் யாழ்ப்பாணம் போகிறோம், வர இரவாகும்" என்று, பூட்டிய கேற்றோடு படம் போடுவாள். கள்ளருக்கும் சேர்த்தோ அழைப்பு என்று கேட்டால், "போடி, எல்லாம் எங்கட சனம்தானே" என்பாள்.

நான் விபரமானவள் என்றுதான் நினைத்திருந்தேன். என் கணவர் போன வருசம் ஒஸ்லோவில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். சண்டை சச்சரவில்லை; கதைக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். இதை ஊருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் தீபாவளி, பொங்கல் என்று வரும்போதெல்லாம் நாங்கள் சோடியாய் நிற்கிற பழைய படம் ஒன்றை வெட்டிக் கொத்தி, இரண்டு பேரின் வாழ்த்தாய்ப் போட்டு வந்தேன். லைக்குகளுக்குக் குறைவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அக்காவின் மகள் நிரோஜாவுக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தது. காரைநகர் ஆட்கள். "பெடியனை ஒருக்கா விசாரி" என்றாள் அக்கா. முன்பென்றால் விசாரிக்கப் பஸ் ஏறவேண்டும். கோயிலடியிலும் கடையடியிலும் நின்று கதை கொடுத்துக் கதை வாங்கவேண்டும். நான் சோபாவில் சாய்ந்தபடியே அவனுடைய முகநூலைப் பார்த்து முடித்தேன். ஒவ்வொரு தையிலும் "இன்று முதல் உடற்பயிற்சி" என்று படம் போட்டிருந்தான், மாசியில் ஒன்றுமில்லை. குடியில்லை, அல்லது குடிக்கும்போது படமெடுக்கிற சிநேகிதர் இல்லை. நல்ல பிள்ளை என்று அக்காவுக்கு அறிவித்தேன்.

அவர்களும் எங்களை விசாரிப்பார்கள் என்பது எனக்கு ஏன்தான் உறைக்கவில்லையோ. ஒரு ஞாயிறு காலை, பெடியனின் தாய் லண்டனிலிருந்து போன் எடுத்தார்.

"தங்கச்சி, குறை நினையாதையும். உமக்கும் அவருக்கும் ஏதும் மனத்தாங்கலோ?"

"ஐயோ, அப்பிடி ஒண்டுமில்லை அக்கா. அவர் வேலைக்குப் போட்டார்."

"தீபாவளிப் படத்திலையும் பொங்கல் படத்திலையும் அவர் போட்டிருக்கிறது ஒரே நீலச் சேட்டு. சரி, விருப்பமான சேட்டெண்டு வைப்பம். கன்னத்திலை சேவ் எடுத்த காயமும் ஒண்டுதான். அவ்வளவு நாளாய் ஒரு காயம் மாறாமல் இருக்குமே? நீர் பனி தள்ளுற படத்திலை, வாசலிலை உம்மட சப்பாத்து மட்டும்தான் கிடக்கு."

"யோசிச்சுச் சொல்லுறம்" என்று வைத்துவிட்டார். என் வெட்கத்தை மூடப் போய், ஒன்றுமறியாத பிள்ளையின் கலியாணத்தில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே என்று பகல் முழுக்க அழுதேன். அடுத்தவர் வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்லவேண்டுமென்று, பின்னேரம் அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, அவர் என்னை விட்டிட்டுப் போட்டார். போன வருசமே."

"தெரியும்." அக்கா குசினியில் ஏதோ வதக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி?"

"நீ போட்ட தீபாவளிப் படத்திலை பின்னாலை நிக்கிறது என்ர அலுமாரி, விசரி. நீங்கள் ரெண்டுபேரும் இஞ்சை வந்து நிக்கேக்கை எடுத்தது. நீ சொல்லாததை நான் என்னெண்டு கேக்கிறது? அதுதான் லைக்கைப் போட்டிட்டு இருந்தனான். சுருவில் சனமெல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் போட்டது."

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. "அந்த லண்டன் மனிசி?"

"மத்தியானம் எடுத்தவ. நான் உள்ளதைச் சொல்லிப்போட்டன். மறைக்கிற ஆக்களோ எண்டுதானாம் பயந்தவ. அவைக்கு ஓமாம். ஆவணியிலை கலியாணம். வாறாய்தானே?"

"தனிய வந்து சபையிலை எப்பிடியக்கா நிக்கிறது? சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்குத் தெரியுமெண்டு இவ்வளவு நேரமும் ஆருக்கடி சொன்னனான்? வா. முன்னறை உனக்கு. ஒற்றைக் கட்டில்தான் போட்டிருக்கிறன்."

விமான ரிக்கற் எடுத்துவிட்டேன். இங்கே, இரண்டு பேருக்கென்று வாங்கிய கட்டிலில், சுவரோரமாய் என் பாதியில் மட்டும்தான் இன்னமும் படுக்கிறேன். சுருவிலில் எனக்கென்று ஒரு ஒற்றைக் கட்டில் போட்டுக் கிடக்கிறது. அது முழுக்க என்னுடையது, லீவு முடியும் வரைக்கும்.