வெள்ளிக்கிழமை லைன்

மளிகைக் கடைக்குள் நுழைந்துவிட்டால் ஷிஃபாவின் கை சும்மா இருக்காது. முதுகைக் காட்டி நிற்கும் சோப்பைத் திருப்பி வைக்கும். சிக்கிக் கிடக்கும் ஷாம்பு சரத்தைப் பிரித்துத் தொங்கவிடும். கடைக்காரர் முறைத்தால், "தப்பா எடுத்துக்கிடாதிய அண்ணாச்சி, பேரு வெளிய தெரியணும்ல" என்பாள். பிறகு நாலு எட்டு பின்னால் போய் கம்பெனி கொடுத்த டேப்லெட்டில் படம் எடுப்பாள். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். திருப்தி வராது, இன்னொன்று எடுப்பாள். அதற்குள் இரண்டு பேர் வந்து உளுந்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், வயது இருபது. வணிக நிர்வாகம் படிக்கிறாள். படிப்போடு வேலைப் பயிற்சியையும் சேர்த்துக் கட்டிய புதுவகைப் பட்டம் அது. இரண்டு வருடம் கல்லூரி. மூன்றாவது வருடம் முழுக்கக் கம்பெனி. நம் குளியலறையிலும் அடுப்படியிலும் பாதி இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளில் ஒன்று. அங்கே மேலாளர் போடுகிற மதிப்பெண்தான் கடைசி வருட மதிப்பெண். அவர் "தேறவில்லை" என்று எழுதினால் பட்டம் கிடையாது. இந்த ஒரு வரியை அவள் என்னிடம் முதல் மூன்று நாளிலேயே ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டாள்.

"மார்க்கெட்டிங்னா ஏசி ரூம்ல ஒக்காந்து விளம்பரத்துக்கு ஐடியா குடுக்கதுன்னு நெனச்சேன் சார். இங்க செருப்புத்தான் தேயுது."

தேய்ந்தது அவள் செருப்பு மட்டுமல்ல. இந்தக் கட்டுரைக்காக அவள் பின்னால் சுற்றியதில் இரண்டாம் நாளே என் முழங்கால் முரண்டு பிடித்துவிட்டது. திங்கள் முதல் புதன் வரை இராஜபாளையத்துக் கடைகள், வியாழனும் வெள்ளியும் ஸ்ரீவில்லிபுத்தூர். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் வெளியே பார்க்க மாட்டாள். மேலாளரிடம் பேச வேண்டிய ஆங்கில வாக்கியங்களை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவாள். பையில் இரண்டு பவர் பேங்க் இருக்கும். இரண்டுமே நிறைந்திருக்கிறதா என்று பஸ் நகர்வதற்குள் நாலு முறை பார்த்துவிடுவாள். காலைச் சாப்பாடு டேப்பில் வருகைப் பதிவு விழுந்த பிறகுதான். "அதுக்கு முன்ன தொண்டையில எறங்காது சார்."

கடைகளுக்குக் கூடவே பைக்கில் வருபவர் தவசிமுத்து. கம்பெனிச் சரக்கைக் கடைகளுக்குப் போடும் ஏஜென்சியின் விற்பனையாளர். இந்த லைனில் பதினெட்டு வருடமாகச் சுற்றுகிறார். ஒரு நாளில் போய்வர வேண்டிய கடைகளின் வரிசைதான் லைன். எந்தக் கடையில் எந்த நேரம் போனால் ஆர்டர் விழும் என்பது அவருக்கு மனப்பாடம். எதையும் எழுதி வைத்ததில்லை.

ஷிஃபாவுக்குக் கொடுத்த ப்ராஜெக்ட் அந்த வரிசையை மாற்றுவது. மூன்று வாரம் உட்கார்ந்தாள். கடைகளுக்கு எண் கொடுத்து, தூரத்தை அளந்து, நடையைக் குறைத்து ஒரு புது லைன் போட்டாள். மதுரையிலிருந்து மேலாளர் கமலினி போனில் பாராட்டினார். "வெள்ளிக்கிழமை நேரில் வந்து உன்னோடு நடந்து பார்க்கிறேன். அதை வைத்துத்தான் மார்க்" என்றார். லைன் கம்பெனிச் செயலியில் ஏறி, அந்த மாதத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டது.

வியாழக்கிழமை போகிற வழியில் பள்ளிவாசல் தெரு ஹமீது பாய் கடையில் நின்றபோதுதான் கோளாறு தெரிந்தது. கடைக்காரர்களுக்கெல்லாம் மறுநாள் வருகிற நேரம் குறுஞ்செய்தியாகப் போயிருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார், சிரித்தார்.

"ஏம்மா, நாளைக்கு ஒரு மணிக்கு வாரேன்னு போட்டுருக்க. நா பள்ளிவாசல்ல இருப்பேன். ஷட்டர்கிட்டயா சோப்பு விக்கப் போற?"

பள்ளிவாசல் தெருவின் பதினொரு கடைகளையும் ஜும்ஆத் தொழுகை நடக்கும் வெள்ளி பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் நடுவில் வைத்திருந்தாள். வேறு யார் செய்திருந்தாலும் பரவாயில்லை. அவளைப் பெற்ற அத்தா அன்சார் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் என்ன வாடகை வந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த பெண் இவள். கேட்டால், "கடையெல்லாம் நம்பரா இருந்துச்சு சார். தூரத்த மட்டுந்தான் பாத்தேன்" என்கிறாள்.

ஹமீது பாய்க்கே மனசு கேட்கவில்லை. "சரி விடு, நா செத்த நேரம் தொறந்து வைக்கேன். ஒங்க மேடம் பாத்துட்டுப் போகட்டும். பொறவு ஓடிப் போயி தொழுதுக்கிடுதேன்."

"வேண்டாம் மாமு. எனக்காவ ஜும்ஆவுக்குப் பிந்தாதிய" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், மின்கம்பத்தருகே நின்று அழுதாள். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் கமலினிக்கு ஐந்து முறை செய்தி எழுதி, ஐந்தையும் அனுப்பாமலே அழித்தாள்.

வெள்ளிக்கிழமை கமலினி வந்து இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. தெருவே தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் பூட்டிய கடைகளைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், ஷிஃபாவைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

"இந்தக் கடை நேரமெல்லாம் யார் கொடுத்தது?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே சற்றுத் தள்ளிப் போனார்.

தவசிமுத்து பைக்கிலிருந்து இறங்கி அருகில் வந்தார். குரலைத் தணித்தார். "தவசிமுத்து தப்பான நேரத்தக் குடுத்துட்டான்னு சொல்லிருங்க பாப்பா. எனக்கு ஒரு திட்டு. அம்புட்டுத்தான். ஒங்களுக்குப் படிப்புல்லா."

ஷிஃபா டேப்பைக் கையில் எடுத்தாள். ஆர்டர் விழாத கடைக்குச் செயலியில் காரணம் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று பதிந்தால்தான் ஏறும். பட்டியலில் கடைசிக் காரணத்தைத் தொட்டால் நாமே எழுத ஒரு கட்டம் திறக்கும். முதல் ஷட்டரின் முன்னால் நின்று அதைத் திறந்தாள். "நேரம் குறித்தது நான். தொழுகை நேரத்தை மறந்தது என் தவறு" என்று எழுதினாள். கமலினி போனை வைத்துவிட்டு அவள் பின்னால் வந்து நின்று படித்தார்.

இரண்டாவது ஷட்டர். மூன்றாவது. அதே இரண்டு வரிகள். நாலாவது கடை வாசலில் எழுத்து மாறி மாறி விழுந்தது. டேப்பை மடித்த முழங்கை மேல் சாய்த்துக்கொண்டு, விழுந்ததையெல்லாம் அழித்துவிட்டு முதல் எழுத்திலிருந்து மறுபடியும் அடித்தாள்.