காதுக்காரர்

காதுக்காரர் சின்ன பேட்டரி ஒன்றிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை ஸ்பீக்கரின் முதுகில் தொட்டுத் தொட்டு எடுக்கிறார். ஒவ்வொரு தொடுதலுக்கும் காகிதக் கூம்பு விக்கல் எடுத்ததுபோல் துள்ளுகிறது. "ம்... உசிரு இருக்கு," என்கிறார். பின்னால் துள்ளினால் கம்பி இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். முன்னால் துள்ளினால்தான் இரும்புச் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு டிக் விழும்.

அவர் மேசைக்கு வருவதெல்லாம் ஐம்பது அறுபது வயதுப் பெட்டிகள். கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் நமத்த ரொட்டி மாதிரி கையில் பிய்ந்து வரும். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவார். பசை காயும் ஒரு நாள் முழுக்க அந்த மேசைப் பக்கம் யாரும் தும்மக்கூடாது. உள்ளே சுருள் கருகியிருக்கிறதா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். "மூக்கு பொய் சொல்லாதுங்க. கொண்டு வர்றவங்கதான் 'நாங்க சத்தமே வைக்கல'ம்பாங்க."

காதுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். வாசலில் நின்றபடியே உள்ளே பாடும் பெட்டியில் எந்த மூலை கிழிந்திருக்கிறது என்று சொன்ன காலத்தில் வைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இடது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து வாடிக்கையாளர் நாற்காலி அவருக்கு வலப்பக்கம் இடம் மாறியது. தெருவில் யாராவது கூப்பிட்டால் பெரும்பாலும் தப்பான பக்கம்தான் திரும்புகிறார். ஒற்றைக் காதுக்குச் சத்தம் தெரியும், திசை தெரியாது.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய அக்கா. டவுன் பஸ் ஓட்டுகிறார். போகும்போதும் வரும்போதும் பட்டறை இருக்கும் தெருவைத்தான் தாண்டியாக வேண்டும்.

"சொல்லித் தொலையேன்டா. என்ன, கொலையா பண்ணிட்ட?" என்பார் அக்கா.

"காது போன காதுக்காரன நம்பி எவன்க்கா பெட்டியக் கொடுப்பான்?"

போன மாதம் ஒரு பாட்டு டீச்சர் ஒரு ஜோடிப் பெட்டியைக் கொண்டு வந்தார். வகுப்பில் இருபது பிள்ளைகள். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். அதனால் இருநூறு வாட் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றார்.

"ரகசியம் சொல்ல மைக் எதுக்குங்க?" என்றார் காதுக்காரர். "இது லேசான காகிதம். கொஞ்சமா கொடுத்தாலே நல்லாப் பாடும். எட்டு வாட்ல பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் செட் ஒண்ணு வெச்சிருக்கேன், அது போதும். இருநூறக் குடுத்து எவனாவது முழுசாத் திருகினான்னா, கிழிச்சுட்டுத்தான் விடும்."

"எட்டா? எங்க வீட்டு ராத்திரி விளக்கே அதுக்கு மேல எரியுதே!" என்று டீச்சர் சிரித்தார். கேட்டுப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டிகளைக் கழற்றி, ஒட்டி, பேட்டரி தொட்டு, டிக் போட்டு மூடினார். தனித்தனியாக ஒவ்வொன்றும் கணீரென்று பாடியது. சேர்த்து வைத்தால் பாட்டுக்கு அடிவயிறே இல்லை. வால்வு செட்டுக்குத் தெம்பில்லை என்று நினைத்தார். வால்வுகளை மாற்றினார். வேறொரு செட்டை வைத்தார். மூன்று நாள் ஆம்ப்ளிஃபயரையே குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்தார். கடைசியில் பரண் மேலிருந்த இருநூறு வாட் ஆம்ப்ளிஃபயரை, தன் வாயாலேயே வேண்டாம் என்று சொன்னதை, இறக்கித் தூசி தட்டினார். டீச்சர் நான்கு மணிக்கு வருகிறார். மணி மூன்று. இறக்கிய கையோடு அக்காவுக்கு போன் போட்டார். "ஒரு தடவ வந்து கேட்டுட்டுப் போயேன்க்கா."

இரண்டு ட்ரிப்புக்கு நடுவே கிடைத்த இருபது நிமிஷத்தில் காக்கிச் சட்டையோடு அக்கா வந்தார். இரண்டு பெட்டிக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு, வண்டியில் என்ன சத்தம் என்று கேட்கிற அதே முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டார். தம்பி பாட்டைப் போட்டார்.

"பாடுற அம்மா எங்கடா?"

"ஏன், கேக்கலயா?"

"கேக்குது. இந்தச் செவுத்துலயும் இருக்கா, அந்தச் செவுத்துலயும் இருக்கா. நடுவுல ஆளக் காணோம். என் எதிர்ல நின்னுல்ல பாடணும்?"

காதுக்காரர் போய் ஒரு பெட்டியைத் திறந்தார். சாக்பீஸ் டிக் சரியாகத்தான் இருந்தது. அவர் ஸ்பீக்கரைத்தான் சோதித்தார். பெட்டிக்குள் ஓடிய கம்பியை அல்ல. முன்பு எப்போதோ கைவைத்த யாரோ சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போய், ஒன்றின் குரலை மற்றது தின்றுகொண்டிருந்தது. இரண்டு காதும் இருந்தால் உட்கார்ந்த நொடியிலேயே பிடிபட்டிருக்கும்.

கம்பியை மாற்றிவிட்டு, பழையபடி எட்டு வாட் செட்டையே போட்டார்.

"வந்துட்டா!" என்றார் அக்கா. "நல்லா கால ஊன்றி நிக்கிறா. சரி, நேரமாச்சு. அழாத, பசையில விழப்போவுது."

நான்கு மணிக்கு டீச்சர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. "எட்டே போதுங்க," என்றார். பிறகு, "பேருக்கேத்த காதுதான் உங்களுக்கு," என்றார்.

காதுக்காரர் வெறுமனே தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டிருக்கலாம். இரண்டு வருஷமாக அப்படித்தான் போனது.

"என் காது இல்லீங்க," என்றார் காதுக்காரர். "எனக்கு இடது பக்கம் சுத்தமாக் கேக்காது. இதுல தப்பு விட்டிருந்தேன். கண்டுபிடிச்சது எங்க அக்கா. பஸ் ஓட்டுறாங்க."

டீச்சர் அவரையே பார்த்தார். "அடுத்த மாசம் எங்க ஸ்கூல் ஹால் பெட்டி நாலு வரும்," என்றார். "அக்காவுக்கு எப்ப லீவுன்னு கேட்டுச் சொல்லுங்க."

அப்போது வெளியே இரண்டு முறை பஸ் ஹாரன் அடித்தது. காதுக்காரர் எழுந்து வாசலுக்கு ஓடினார். தெரு முழுக்க வண்டிகள். பஸ் போகிறதா, வருகிறதா, எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. படியில் நின்று இரண்டு கையையும் உயர்த்தி, தெருவின் இரண்டு பக்கமும் ஆட்டினார்.