ஆட்கள் இல்லாத முற்றம்

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது மௌரீன் மேடத்தின் ஸ்டுடியோ. கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோலக் காட்டுவதுதான் அங்கே வேலை. ஆர்க்கிடெக்டுகள் அனுப்பும் கம்ப்யூட்டர் படங்கள் கழுவித் துடைத்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருக்கும். அவற்றை ஒருவருக்கு வாட்டர்கலர் ஓவியம் போலவும், இன்னொருவருக்குப் பென்சில் கோடுகள் போலவும், வேறொருவருக்குப் பனி இறங்கும் காலை போலவும் மாற்றிக் கொடுப்பான் யேசுதாஸ். வாட்டர்கலர் என்றால் அவன்தான். "யேசு கை பட்டா கம்ப்யூட்டர் ஸ்க்ரீனே ஈரமாயிடும்" என்று மௌரீன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

மகா வந்த பிறகு அதை அவர் சொல்லவில்லை.

மகா ஆரணிப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாக முடியவில்லை. ஆனால் அவள் படங்களில் எப்போதும் மழை இப்போதுதான் விட்டிருக்கும். விளக்குகள் தரையில் தலைகீழாக நீண்டு கிடக்கும். அந்த ஈரத்தை எங்கிருந்து கொண்டுவருகிறாள் என்று யேசுதாஸுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. சார்ஜர் கேட்கிற சாக்கில் அவள் மேசைக்குப் போவான், திரையை ஒரு பார்வை பார்ப்பான், தேவையில்லாத சார்ஜரோடு திரும்பி வருவான். மௌரீன் டீ கோப்பையோடு நடந்தால் அந்தக் காலடி யார் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது என்று திரும்பாமலே அவனுக்குத் தெரியும். முன்பெல்லாம் அது அவனிடம் வந்து நிற்கும். இப்போது அவனைத் தாண்டிப் போகிறது.

இந்த நேரம் பார்த்துத்தான் லிங்கராஜபுரத்து சர்ச் வேலை வந்தது. தங்கவயலை விட்டு வந்த நாளிலிருந்து அவன் குடும்பம் ஞாயிறுதோறும் போகிற சர்ச். பழைய கூடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். படம் பெரிதாக அச்சாகி கேட்டில் நிற்கும். கட்டடம் எழும்பும்வரை ஊரே பார்க்கும். ஒன்றும் முடிவாவதற்கு முன்பே அவன் அம்மா ரஞ்சிதம், கேட்டில் வைக்கப்போவது தன் பையன் செய்கிற படம் என்று பாட்டுக்குழுப் பெண்களிடம் சொல்லிவிட்டிருந்தாள்.

மௌரீன் அதை அவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவன் ஒன்று, மகா ஒன்று செய்யட்டும், சர்ச் கமிட்டி தேர்ந்தெடுக்கட்டும் என்றார். சொந்த சர்ச்சுக்குக்கூடத் தன்னை இன்னொருத்தியோடு நிறுத்துப் பார்க்க வேண்டுமா என்று நினைத்தபடி யேசுதாஸ் கீபோர்டின்மேல் குனிந்துகொண்டான்.

அவன் வாட்டர்கலர் நன்றாகவே வந்தது. வாசலில் பட்டுப்புடவைப் பெண்களையும் பலூன் பிடித்த குழந்தைகளையும் வைத்தான். ஆட்கள் இல்லாமல் படம் வெளியே போகக் கூடாது என்பது ஸ்டுடியோ வழக்கம். போட்டோக்களிலிருந்து வெட்டியெடுத்த அதே ஆட்கள் பல வருஷமாக எல்லாக் கட்டடங்களுக்கும் முன்னால் சிரித்தபடி நடந்துகொண்டிருந்தார்கள்.

அனுப்புகிற நாளன்று மத்தியானம் மகா கீழே சாப்பிடப் போனாள். எல்லார் ஃபைலும் பொது சர்வரில்தான். யேசுதாஸ் தன் இடத்திலிருந்தே அவள் ஃபைலைத் திறந்தான். ஒரு படம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. ஒவ்வொரு லேயரையும் தனியாக மறைத்துப் பார்க்கலாம். வானத்தை மறைத்தான், திரும்பக் கொண்டுவந்தான். மரங்களையும் அப்படியே. அந்த ஈரம் எந்த லேயரில் ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே ஆட்களை மறைத்தபோது கை நின்றுவிட்டது.

குடைகளும் கால்களும் மூடியிருந்த முற்றம் வெளியே வந்தது. திறந்த கதவின் வெளிச்சம் ஈரத் தரையில் படுத்து கேட்வரை நீண்டிருந்தது. யாருமில்லை. யாரோ வரப்போகிறதுபோல இருந்தது. இதைச் செய்துவைத்தவளுக்கே இது தெரியவில்லை என்று நினைத்தபோது அவன் வயிற்றெரிச்சல் தணியவில்லை, இன்னும் மூண்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக ஃபைலை மூடினான். மூடும் முன், ஆட்கள் மறைந்திருந்தபடியே, விரல்கள் தாமாகவே சேவ் செய்துவிட்டன. ஒருமுறை கரண்ட் போய் எல்லார் வேலையும் அழிந்ததிலிருந்து அந்த ஆபீஸில் எவர் கையும் சேவ் செய்யாமல் கீபோர்டை விட்டு எழுந்ததில்லை.

கமிட்டிக் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று மௌரீன் இரண்டு படங்களையும் சரியாகப் பார்க்காமலே அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போது யேசுதாஸ் சொல்லியிருக்கலாம். ஆட்கள் இல்லாத படத்தை எந்தக் கமிட்டியும் ஒத்துக்கொள்ளாது என்ற நினைப்பு அவன் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் சர்ச்சின் ஆர்க்கிடெக்ட் வெங்கடகிருஷ்ணன் கூப்பிட்டார். மௌரீன் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மழைப் படம்தான் மேடம். எல்லாருமே அதான் சொன்னாங்க. ஒரு ஆளுகூட இல்ல பாருங்க, அதான் விசேஷம். கதவத் தொறந்து வெச்சு நம்மளக் கூப்பிடற மாதிரி கீது."

மகா அவசரமாக ஃபைலைத் திறந்து பார்த்தாள். "ஆளுங்க வெச்சிருந்தேனே மேடம். லேயர் ஆஃப் ஆயிருக்கு. நான் பண்ணல."

"உனக்குத் தப்புகூட நல்லதாத்தான் நடக்குது, போ," என்று மௌரீன் சிரித்தார்.

தப்பு. அந்தச் சொல்லை மடியில் வைத்துக்கொண்டு யேசுதாஸ் உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் கண்டெடுத்த ஒரே நல்ல படம். அதில் பேர் அவளுக்குப் போனது, அவன் பங்குக்குத் தப்பு மட்டும் மிஞ்சியது.

மகா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, லஞ்ச் டைம்ல என் ஃபைலத் தொறந்தீங்களா?"

"இல்லியே."

அவள் தலையாட்டினாள். போகவில்லை. "யாரு பண்ணியிருந்தாலும் அவங்களுக்குப் பாக்கத் தெரியுது. எனக்கு அது தோணவே இல்ல."

உண்மையைச் சொல்ல வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் நான்தான் என்று சொன்னால், எதற்குத் திறந்தாய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"சார்ஜர் இருக்கா?" என்று கேட்டான்.

அவள் எடுத்துவந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டில் படம் நின்றது. பாட்டுக்குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து ரஞ்சிதம் அதன் முன்னால் நின்றாள். அவளிடம் இதுவரை அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"உன் கை மாதிரியே இல்லியே. இதுல நீ பண்ணது எங்கடா கீது?"

கதவிலிருந்து கேட்வரை கிடந்த ஈரத் தரையை யேசுதாஸ் காட்டினான். அவள் கண்ணைச் சுருக்கிக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அங்க ஒண்ணுமே இல்லியேடா."

"ஆமாம்மா."

"மீதியெல்லாம் யாரு?"

"மகான்னு ஒரு பொண்ணு." அந்தப் பேரை அவன் வீட்டாரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.

ரஞ்சிதம் ஒரு எட்டு பின்னால் வந்து முழுப் படத்தையும் பார்த்தாள்.

"நல்லாத்தான் பண்ணிக்கீறா," என்றாள்.