ஐந்து ஹெட்

போன சனிக்கிழமை லாரியில் இருந்தவர்கள் — மாதேசன். அவன் சம்சாரம். சூசை. சூசையின் தம்பி. நான். முன்னால் டிரைவரும் மேஸ்திரியும்.

ஓசூர்ப் பக்கம் கல்குவாரியில் ஒரு வார வேலை. முடித்துக் கடத்தூர் திரும்பிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலைப் பூசையில் என் மகளுக்குப் புதுநன்மை. முதல் தடவையாக நற்கருணை வாங்குகிறாள். ஒரே பெண். வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

காவேரிப்பட்டணம் தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். பொழுது சாய்கிற நேரம். எதிர்க் கடையில் வெள்ளை ரிப்பன் தொங்கியது. இருந்த சில்லறைக்கு வாங்கினேன். திரும்பினால்... லாரி போய்க்கொண்டிருந்தது. ஓடினேன். கத்தினேன். நிற்கவில்லை.

வாரக்கூலி ஊரில் இறங்கின பிறகுதான் தருவார்கள். பஸ்ஸுக்குக் காசு ஏது? தர்மபுரி வரை நடந்தேன். அங்கே ஒரு தக்காளி வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து, கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரிப்பனைக் கொடுத்தேன். மகள் வாங்கிக்கொண்டாள்.

"எல்லாரு அப்பாவும் வந்தாங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை மேஸ்திரியிடம், ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டேன்.

"எண்ணித்தானய்யா வண்டிய எடுத்தேன். அஞ்சு ஹெட்டு சரியா இருந்துச்சே."

நடந்தது இதுதான். தர்மபுரி போகிற யாரோ ஒருவர் டீக்கடையில் பின்னால் ஏறிக்கொண்டார். மேஸ்திரி தார்ப்பாயைத் தூக்கி எண்ணினார். ஐந்து. கிளப்பச் சொல்லிவிட்டார். கூட இருந்தவர்கள்? நான் முன்னால் உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்தார்களாம்.

"பேரச் சொல்லி ஒரு சத்தம் குடுத்திருக்கலாமுங்களே" என்றேன்.

"வாராவாரம் ஆளு மாறுது. யாரு பேருன்னு ஞாபகம் வெக்கிறது?"

நான் அவரிடம் ஆறு வருடமாக வேலை செய்கிறேன்.

ஹெட் என்றால் தலையாம். இங்கிலீஷில் மாட்டையும் அப்படித்தான் எண்ணுவார்கள் என்றான் சூசையின் தம்பி. பத்தாவது படித்தவன். மாடு வைத்திருப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள் — சந்தைக்கு ஓட்டிப்போகிறவர் எண்ணிக்கை மட்டுமா பார்ப்பார்? சுழி தெரியும். கொம்பு தெரியும். ஒன்று மாறி நின்றால் விடுவாரா?

நேற்று போட்டோ வந்தது. பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக நிற்கவைத்து எடுத்தார்களாம். வெள்ளை கவுனில் மகள். ஒரு பக்கம் அவள் அம்மா. மறுபக்கம் மகள் கொஞ்சம் இடம் விட்டு நிற்கிறாள்.

இரண்டு பேர்.