மாஸ்க் எடுத்த பிறகு மொட்டை: ஒரு பழனிப் பயணம்

திருப்பூரிலிருந்து ஒரே நாளில் பழனி போய்வர வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் வீட்டில் யாருக்காவது கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கப்போகிறது என்றால், இந்தப் பதிவு முதலில் உங்களுக்கு.

என் அக்கா வீட்டுக்காரர் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன தை மாதம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தோம். முதல் நாள், வலை மாதிரியான பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தின்மேல் அழுத்தி அச்சு மாதிரி மாஸ்க் எடுத்தார்கள். கதிர் பாயும்போது தலை அசையாமல் இருக்க அதைப் போட்டுத்தான் படுக்கையோடு பூட்டுவார்களாம். மாஸ்க்கோடு ஸ்கேனும் எடுத்தார்கள்.

அங்கே ஒரு மருத்துவ இயற்பியலாளர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பிசிக்ஸ் மேடம். வழக்கமாகக் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் ஓரம் விட்டுத்தான் கதிர் பாய்ச்சுவார்கள். அந்த ஓரத்தைக் குறைத்தால் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காப்பாற்ற முடியுமா என்று அவர்கள் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"தையலுக்கு ஓரம் விடற மாதிரிங்க. தலை ஆடலீன்னா ஓரம் கம்மியாப் போதும், அதானுங்க மேடம்?" என்றார். ஆய்வில் சேரவும் சம்மதித்தார். திட்டம் போட ஒரு வாரம் ஆகும் என்று எங்களை அனுப்பிவைத்தார்கள்.

அந்த வாரத்தில்தான் பழனி. நோய் தீர மொட்டை போடுவதாக மாமா வேண்டியிருந்தார். "ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சுப்போடலாம் மாப்ள" என்றார். சும்மா கிடக்கும் வாரம்தானே என்று நானும் காரை எடுத்தேன். அந்த நாட்களில் மேடம் உட்கார்ந்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று அவர் தலைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்கு உறைக்கவில்லை.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். தாராபுரம் வழியாகச் சுமார் எண்பது கிலோமீட்டர். போகவர ஆயிரம் ரூபாய் பெட்ரோல் போதும். மொட்டைக்குக் கட்டணம் இல்லை. செல்போனை அடிவாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். மலை ஏற விஞ்சு ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். மாமாவுக்கு ஹெல்மெட் தலையில் இறங்காத அளவு அடர்ந்த சுருட்டை முடி. அத்தனையும் போனதும் தலையைத் தடவிச் சிரித்தார். மதியம் இரண்டு மணிக்கு ஊர் திரும்பினோம். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சிகிச்சையின் முதல் நாள் மாஸ்க்கை மாட்டினார்கள். உள்ளே தலை லொடலொடவென்று ஆடியது. மேடம் ஓடிவந்தார்.

"முடி எடுத்துட்டீங்களா?" என்று கேட்டு மாஸ்க்கைக் கழற்றினார். பிறகு, "தாடி இருக்கறபடியே இருக்கட்டும், எடுக்காதீங்க, வளர்க்காதீங்கன்னு சொல்றோம். வேண்டுதல் இருக்கான்னு கேக்க எங்களுக்கும் தோணலைங்க" என்றார்.

"அளவெடுத்ததுக்கப்பறம் ஆளையே மாத்திப்போட்டமுங்க" என்றார் மாமா. எத்தனை ஆயிரம் சட்டைக்குத் துணி வெட்டிய மனுஷன்! அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புது மாஸ்க், புது ஸ்கேன், மறுபடியும் கணக்கு. இன்னொரு வாரம் போனது. இரண்டாவது முறை மாஸ்க் எடுத்தவரைச் சேர்க்க ஆய்வின் விதியில் இடமில்லை. அதனால் வழக்கமான ஓரம் விட்டே சிகிச்சை நடந்தது. ஆய்வில் இருந்திருந்தால் சுரப்பி தப்பியிருக்குமா என்று மேடத்திடம் கேட்டேன்.

"அது தெரியாமத்தான் ஆராய்ச்சியே பண்றோங்க" என்றார்.

கட்டி கரைந்துவிட்டது. அதற்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். ஆனால் மாமாவுக்கு வாயில் எச்சில் ஊறுவதில்லை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. சிகிச்சை முடியும் வரை பொறுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனது அடித்துக்கொள்கிறது.

ஆகவே, மாஸ்க் எடுத்த பிறகு முடி, தாடி, உடம்பை இளைக்கவைக்கும் விரதம் எதுவானாலும் முதலில் உங்கள் பிசிக்ஸ் ஆட்களிடம் கேளுங்கள். மொட்டையை மாஸ்க் எடுப்பதற்கு முன்னால் போடுங்கள், இல்லையென்றால் சிகிச்சை முடிந்து போடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். இப்போது அந்த மருத்துவமனையில் எல்லோரிடமும் வேண்டுதல் இருக்கிறதா என்று கேட்கிறார்களாம்.

போன வாரம் நன்றி சொல்ல மறுபடியும் பழனி போனோம். அடிவாரத்தில் மாமா ஒரு விரல் பஞ்சாமிர்தம் எடுத்து நாக்கில் வைத்தார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டுத் தண்ணீர் குடித்து விழுங்கினார்.

"இனிக்குதுங்களா மாமா?" என்றேன்.

டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ சாப்பிட்டுப் பாத்துச் சொல்லு மாப்ள."