வீட்டுப் பதிவேட்டில் இல்லாத பத்தி

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர் வேலை என்பது, யாரும் எழுதித் தராத உத்தரவுகளை எழுத்தில் நிறைவேற்றிவிட்டுப் பிறகு அதற்குப் பதில் சொல்லும் வேலை. என்னைப் போலக் கோப்பு சுமந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில், ஜவ்வாது மலையில் பணியாற்றியபோது, அப்படி ஓர் உத்தரவை நான் நிறைவேற்ற மறுத்தேன்.

ஏட்டு வந்தார்

மலையூர்களின் வீட்டுப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. குடும்பத் தலைவர், கூரை, சுவர், குடிநீர் எவ்வளவு தூரம் என்று பதினொரு பத்திகள். கைப்பம்பும் தெருவிளக்கும் எங்கே வேண்டும் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்வோம். ஒருநாள் அடிவாரத்துக் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள் சிலர் முகாமுக்குப் போகாமல் மலையில் தங்கிவிட்டார்களாம். நான் கோடு போட்டுப் பன்னிரண்டாவதாக ஒரு பத்தி சேர்த்து, எந்த வீட்டார் எந்த நாட்டார் என்று குறித்துத் தரவேண்டுமாம்.

அவர் தேடியது செல்லம்மாவின் வீடு என்பது எனக்குத் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து, புளி உடைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு காகிதமும் கிடையாது. பெயர் அந்தப் பத்தியில் ஏறினால் குடும்பத்தையே கப்பலேற்றிவிடுவார்கள் என்று ஊரே பேசிற்று. உத்தரவை எழுத்தில் தரும்படி ஏட்டிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, சந்தவாசல்ல இருந்து இந்த மல வரிக்கும் நான் வாயால சொன்னாலே போதும்னு இருக்கறாங்க, நீங்க இன்னாடான்னா பேப்பரு கேக்கறீங்க?"

ஆணையரின் கவலை

பத்து நாளில் நிலையத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. 'மேலிடத்து வாய்மொழி அறிவுறுத்தலின்படி' என்று தொடங்கியது. எந்த மேலிடம் என்று சொல்லவில்லை. பதிலை நானே எழுதினேன். குடியுரிமையும் அயல்நாட்டாரும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலில் உள்ளன. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் உள்ளது. முன்னதை ஊராட்சிகள் செய்யவேண்டும் என்று ஆணை இருந்தால் அதன் நகலை அனுப்புக.

எங்கள் ஆணையர் நல்லவர், ஆனால் பயந்தவர். பதிலை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போடுவதற்குமுன் பேனாவை மூன்று முறை உதறினார்.

"எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்குதும்மா, உங்க அரசியல் சட்டத்துக்கு அந்தக் கவலை கிடையாது."

ஊராட்சிக் கூட்டம்

நகல் வரவில்லை, காவல் ஆய்வாளரே வந்தார், செல்லம்மாவின் ஊராட்சி கூடி, நானும் அங்கே போயிருந்த நாளில். அவர் விவரம் தெரிந்தவர். "மத்திய அரசு தன் வேலைய மாநிலத்துக்கிட்ட ஒப்படைக்கலாம்னு அதே சட்டம் சொல்லுதே. நாட்டுக்கு எல்லைன்னு ஒண்ணு வேணாமா?" என்றார்.

வேண்டும் என்றேன். "மாநிலத்திடம் ஒப்படைத்ததை உங்கள் துறை செய்யட்டும். நீங்கள் வீடு வீடாக விசாரிப்பதை நான் தடுக்கவில்லை. குடிதண்ணீருக்காக எங்களை நம்பி மக்கள் சொன்ன விவரத்தை, அவர்களைப் பிடிப்பதற்காக நாங்கள் எடுத்துத் தரமாட்டோம்."

ஊராட்சித் தலைவர் சாமை பயிரிடும் மலைக்காரர். புதிய பத்தி வேண்டாம் என்று தீர்மானம் எழுதச் சொல்லி முதல் கைநாட்டை வைத்தார். மற்ற உறுப்பினர்களும் வைத்தார்கள். பிறகு ஆய்வாளரிடம் மரியாதையாகவே சொன்னார்:

"எங்க முப்பாட்டன் காஞ்சிபுரத்துல இருந்து இந்த மல ஏறி வந்தப்ப இன்னா சீட்டு காட்டினான்னு மொதல்ல கண்டுபிடிச்சு எழுதிக்கினு வாங்க சார், அப்பால அந்தப் பொண்ண எழுதலாம்."

செல்லம்மாவின் கோரிக்கை

எனக்கு அடிவாரத்துக்கு மாறுதல் வந்தது. அந்த உத்தரவு மட்டும் எழுத்தில், முத்திரையோடு, தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது. கடைசி நாளில் செல்லம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். "எனக்காக நீங்க ஏம்மா கஷ்டப்படணும்? புஸ்தகத்துல என் பேர அடிச்சிருங்க" என்றாள்.

பதிவேட்டைத் திருப்பி அவள் வரியைக் காட்டினேன். பெயர்; ஓலைக் கூரை; மண் சுவர்; குடிநீர், இருநூறு அடி. ஒரு பெயரை அடிக்க இரண்டே காரணங்கள் உண்டு என்றேன்: ஒன்று சாவு, மற்றது ஊரை விட்டுப் போவது. "நீ செத்தாயா?" "இல்லைங்க." "போகிறாயா?" அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "அப்படியானால் அடிக்க முடியாது. இது உன் ஊர்ப் பதிவேடு."

அவளுக்குப் படிக்கத் தெரியும். விரலை வைத்து அந்த வரியை மெதுவாகப் படித்தாள். கடைசியில் விரல் நின்றுவிட்டது.

"இருநூறு அடின்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப அந்தப் பம்பக் கொஞ்சம் கிட்டத்துல போடச் சொல்லிட்டுப் போங்கம்மா."

ஆய்வாளர் அதன்பின் மலையேறவில்லை, பம்பு அவள் வீட்டுக்கு அருகே வந்துவிட்டது, நான் முடிக்காமல் விட்டுவந்த வேலை என்று என் பணிக்காலம் முழுவதிலும் அந்தப் பன்னிரண்டாவது பத்தி ஒன்றுதான்.