இரண்டு பெட்டி வைன்

மொன்ரியால் மதுக்கடை ஒன்றில் இரண்டு பெட்டி வைனோடு நிற்கிறேன். மகளின் கல்யாண வரவேற்புக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறோம். விலை கூடிய பெட்டி எங்கள் தரப்பு டாக்டர்களுக்கும் பேராசிரியர்களுக்கும். மலிவானது மாப்பிள்ளை வீட்டாருக்கு. புவாண்ட்-கிளேர் பகுதிச் சரக்குக் கிடங்குகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது என்று காலையில் நானும் மனைவியும் பேசி வைத்தது இது.

கல்லாவில் இருக்கும் பெண் என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் பேசுகிறார். மகளின் கல்யாண வரவேற்புக்கு, எங்கள் வீட்டாருக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று என்கிறேன்.

"மாப்பிள்ளை எவடம் ஐயா?"

"யாழ்ப்பாணம்."

"நாங்களும் அங்கதான். பெட்டி ரெண்டும் ஒரே மாதிரிக் கிடக்கு, மண்டபத்தில மாறிப் போகும். எழுதி விடட்டோ? இந்த மலிவானது ஆருக்கு?"

மார்க்கரின் மூடியைக் கழற்றிக் காத்திருக்கிறார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"எங்களுக்கு" என்கிறேன்.

"நல்ல மனம் ஐயா உங்களுக்கு."

விலை கூடிய பெட்டியின் மேல் 'மாப்பிள்ளை வீடு' என்று பெரிதாக எழுதுகிறார்.

காரில் காத்திருக்கும் மனைவி அதைப் படித்துவிட்டு, "மாத்தி எழுதிட்டாங்களே, பேனா இருக்கா?" என்கிறாள்.

"இல்ல" என்கிறேன், சட்டைப்பையில் இருக்கும் பேனாவைக் கையால் மறைத்தபடி.